ஒட்டகத்தைக் கட்டுவோம், ஆசனப் பட்டியையும் அணிவோம்



வாகனத்தில் ஏறியதும் பயண துஆவை ஓதுகின்றோம், அல்ஹம்து லில்லாஹ். ஆனால் தோளருகே தொங்கும் ஆசனப் பட்டியை, பொலிஸாரைக் கண்டால் மாத்திரமே இழுத்து மாட்டுகின்றோம். "மவ்த்து எழுதப்பட்ட நேரத்தில் வரும், அதைப் பட்டியா தடுக்கும்?" எனக் கேட்போரும் நம்மில் உள்ளனர்.

மவ்த்தின் நேரம் அல்லாஹ்வின் ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. எனினும், ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு தவக்குல் வைக்கலாமா என வினவிய ஒருவருக்கு, முதலில் அதைக் கட்டிவிட்டுப் பின்னர் அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். அனஸ் (ரழி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி திர்மிதியில் பதிவாகியுள்ளது. முயற்சி நமது கடமை; முடிவு அவனது நாட்டம்.

விபத்தின்போது நிகழ்வதென்ன? மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம் மதிலில் மோதினால், வாகனம் நின்றுவிடும். உள்ளிருக்கும் உடலோ அதே வேகத்தில் முன்னோக்கிப் பாயும். பட்டி அணியாதவருக்கு அது ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாம் மாடியிலிருந்து விழுவதற்கு ஒப்பானதாகும். முன் ஆசனத்தில் இருப்போரின் மரண அபாயத்தை ஆசனப் பட்டி பாதியளவு வரை குறைக்கும் என உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகின்றது.

பெற்றோர்களே! குழந்தையை மடியில் வைத்து முன் ஆசனத்தில் அமர்வது பாதுகாப்பல்ல. மோதும் கணத்தில் 10 கிலோ எடையுள்ள குழந்தை 200 கிலோவுக்கும் அதிகமான பாரமாக மாறிவிடக்கூடும். எந்த உம்மாவின் கரங்களும் அதைத் தாங்கமாட்டா. இருவரையும் ஒரே பட்டியால் சுற்றினாலோ, பெரியவரின் உடலே குழந்தையை நசுக்கிவிடும். சிறு பிள்ளைகளைப் பின் ஆசனத்தில், அவர்களுக்கென அமைந்த பாதுகாப்பு இருக்கையில் அமர்த்துங்கள்.

பின் ஆசனத்தில் இருக்கும் பெரியவர்களும் பட்டி அணிய வேண்டும். பின்னாலிருந்து தூக்கி வீசப்படுபவர், முன்னால் இருப்பவரின் உயிருக்கும் ஆபத்தாகின்றார். தான் பாதிக்கப்படுவதும் பிறரைப் பாதிப்பதும் மார்க்கத்தில் இல்லை அல்லவா?

நம் நாட்டில் சாரதியும் முன் ஆசனத்தில் இருப்பவரும் பட்டி அணிவது 2011ஆம் ஆண்டு சட்டமாக்கப்பட்டது. பொலிஸார் எல்லாச் சந்திகளிலும் நிற்பதில்லை. அல்லாஹ்வோ எங்கும் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கின்றான். உயிர் அவன் தந்த அமானிதம்.

எனவே அடுத்த பயணத்தில் பிஸ்மில்லாஹ் கூறி முதலில் பட்டியை அணியுங்கள், பிள்ளைகளுக்கும் அணிவியுங்கள், பின்னர் துஆ ஓதிப் புறப்படுங்கள். வல்ல அல்லாஹ் நம் பயணங்களை ஸலாமத்தானவையாக ஆக்குவானாக! ஆமீன்.