ஹெர்பீஸா, அட்டைக் கடியா?

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் கொழுந்து பறிப்பவர்களுக்கும் ரப்பர் பால் வெட்டுபவர்களுக்கும் காலிலும் தொடையிலும் அட்டைக் கடி, ஈரத்துணி உரசிய சிவப்பு எல்லாம் சாதாரணம். ஆணுறையில்லாத உறவுக்குப் பிறகு அதே சிவப்பைக் கண்டால், உறவால் தொற்றும் ஹெர்பீஸ் வைரஸோ என்று தூக்கம் போய்விடுகிறது.

ஹெர்பீஸ் தொற்றினால் பெரும்பாலும் 2 முதல் 12 நாட்களுக்குள் முதலில் குறுகுறுப்பு, எரிச்சல். பிறகு ஒரே இடத்தில் கொத்தாகச் சிறு நீர்க்கொப்புளங்கள். அவை உடைந்து புண்ணாகும். சிறுநீர் பட்டால் சுரீரென்று எரியும். அட்டைக் கடி அரிக்கும், பொதுவாக இப்படிக் கொத்துக் கொத்தாகக் கொப்புளம் போடாது. ஆனாலும் கண்ணால் மட்டும் முடிவுகட்ட முடியாது. தொற்றிய பலருக்கு அறிகுறியே தெரிவதில்லை.

ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? புண் ஆறினாலும் வைரஸ் போவதில்லை. நரம்பு வழியே ஏறி, முதுகுத்தண்டின் அடியிலுள்ள நரம்பு முடிச்சில் ஒடுங்கிக் கிடக்கும். உடல் சோரும்போது மறுபடி இறங்கிவரும். அசைக்ளோவிர் மாத்திரை அது பெருகுவதைத் தடுக்கும்; ஒடுங்கியதை அழிக்காது.

இரத்தப் பரிசோதனைக்கு அவசரப்பட வேண்டாம். எதிர்ப்பொருள் தெரிய 12 வாரம்வரை ஆகலாம். புதுப் புண்ணிலிருந்து எடுக்கும் மாதிரியே தெளிவான விடை தரும். ஆனால் அதே உறவால் எச்.ஐ.வி. பயமும் இருந்தால் அவசரம் வேண்டும்: அதன் தடுப்பு மருந்தைத் தொடங்க, உறவு நடந்ததிலிருந்து 72 மணி நேரம்தான் கெடு.

இரத்தினபுரியிலும் கேகாலையிலும் அரசாங்கத்தின் பாலியல் நோய் கிளினிக் உண்டு. இலவசம், ரகசியம் காப்பார்கள். கர்ப்பிணிகள் ஹெர்பீஸ் பற்றி மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். பிரசவத்தின்போது குழந்தைக்குத் தொற்றலாம். களிம்பு பூசி லயத்துக்குள் ஒளியாதீர்கள், புண் ஆறுமுன் போய்க் காட்டுங்கள்.