இன்சுலினுக்கும் துடிப்பு உண்டு

மணிக்கட்டில் விரலை வைத்துப் பாருங்கள். குருதி ஒரே சீராக ஓடாமல் தள்ளித் தள்ளி வருவது தெரியும். இதைத்தான் துடிப்புமுறை ஓட்டம் என்கிறோம். சதையியும் இன்சுலினை இப்படியே விடுகிறது, ஏறத்தாழ 5 நிமிடத்துக்கு ஒரு தடவை. அது முதலில் போய்ச் சேருவது ஈரலுக்கு. பாதியளவை ஈரலே எடுத்துக்கொள்ளும். இரண்டாம் வகை நீரிழிவில் இந்தத் தாளம் குழம்பிவிடுகிறது. நாம் தோலின் கீழ் ஏற்றும் இன்சுலினுக்குத் துடிப்பில்லை. மெல்ல ஊறி உடலெங்கும் பரவும். ஆனாலும் சீனியைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்க அது நன்றாகவே உதவுகிறது.

அமெரிக்காவில் சில கிளினிக்குகள், நாளத்தில் துடிப்புத் துடிப்பாக இன்சுலின் ஏற்றினால் சிறுநீரகப் பாதிப்பும் ஆறாத புண்ணும் திருந்தும் என்று சொல்லி, வாரந்தோறும் மணிக்கணக்கில் ஏற்றின. கேட்கக் கவர்ச்சியான கதைதான். ஆனால் நோயாளிக்குப் பலன் கிடைப்பதற்குப் போதிய சான்று இல்லையென்று, அந்நாட்டு அரச காப்புறுதியான மெடிக்கெயர் 2009 டிசம்பரில் அதற்குப் பணம் தர மறுத்துவிட்டது. இன்ரநெற்றில் இதை வாசித்துவிட்டு வந்து கேட்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். காசு கட்டுமுன் உங்கள் குடும்ப வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அதை நம்பி, வழமையாகப் போடும் ஊசியை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.