கடை வைக்கும் முன்னே

1905-இல் தமிழகத்திலிருந்து வெறுங்கையோடு சிங்கப்பூருக்கு வந்த பி. கோவிந்தசாமி பிள்ளை, சிராங்கூன் சாலை மளிகைக் கடையொன்றில் வேலைக்கு அமர்ந்தார். தொடக்கத்தில் சம்பளம் இல்லை. சோறும் படுக்க இடமும்தான். பின்னர் செட்டியாரிடம் கடன் பெற்று அந்தக் கடையையே வாங்கினார். கடை பழகியது முதலில், கடன் பிறகு என்பதைக் கவனிக்க வேண்டும்.

தோட்டத்தில் நாம் கடை வைப்பதாயினும், முதலில் ஒரு மாதம் நோட்டில் எழுதிப் பார்ப்போம்: லயத்தில் எத்தனை வீடு, யார் ரொக்கம் கொடுப்பவர், யார் சம்பள நாளில் கொடுப்பவர்? (உறவினர்தான் அதிகம் கடன் சொல்வார்கள்!) 100 வெள்ளிச் சரக்கில் 60 வெள்ளி கடனாக நின்றால், மறுவாரம் 40 வெள்ளிச் சொச்சத்துக்குத்தான் அரிசி, பருப்பு வாங்க முடியும். ஆகவே சம்பள நாள்வரை தாங்கும் பணத்தையும் முதலோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும். அவ்வளவு சேராவிட்டால், பலசரக்கை விட்டுவிட்டு வெற்றிலை பாக்கோடு தொடங்கலாம்.