கருணாபுரத்து மனிதர்கள்

2024ஆம் வருஷம் ஜூன் மாதத்தில், கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்திலும் அக்கம்பக்கத்திலும் மெதனால் கலந்த பாக்கெட் சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது, "குடித்துச் செத்தவனுக்குப் பத்து லட்சமா?" என்ற கேள்வி, டீக்கடைப் பெஞ்சிலிருந்து படித்தவர் கூடும் இடம் வரையில், தமிழகமெங்கும் எழுந்தது. அரசாங்கத்தார் அளித்த நிவாரணம் தகுமா, தகாதா என்பது வாதத்துக்குரிய விஷயம். ஆயின், மாண்டவர்களை மனிதராகவே எண்ணாத அலட்சியம் அக்கேள்வியில் ஒலித்ததே, அதுதான் நெஞ்சை உறுத்துகிறது.

அவர்கள் யார்? பெரும்பாலோர் அன்றாடக் கூலிக்காரர். மூட்டை தூக்குவோரும் துப்புரவு செய்வோருமாக நம் ஊர்களைத் தாங்கி நிற்கும் வர்க்கத்தினர். பெண்களும் அவர்களுள் இருந்தனர். பகலெல்லாம் பாரம் சுமந்தவனுக்கு இரவில் தோளும் முதுகும் எரிய, உடம்பு வலி தெரியாமல் கண்ணயர்ந்தாலன்றி மறுநாள் வேலைக்கு எழ இயலாது என்ற நிலையில், டாஸ்மாக் குவார்ட்டரைவிட மலிவாகக் கிடைத்த பாக்கெட்டை அவன் நாடினான்; நாளடைவில் அது பழக்கமாயிற்று; பழக்கம் வியாதியாயிற்று.

வயிற்றில் சென்ற மெதனால் உடனே கொல்வதில்லை. ஈரல் அதனை ஃபார்மிக் அமிலமாக மாற்றிய பின்னரே, பல மணி நேரம் கழித்து, வயிற்றுவலியும் வாந்தியும் கண் மங்கலும் தோன்றுகின்றன; அந்த அவகாசத்தில் ஆஸ்பத்திரியை அடைந்தவரைக் காப்பாற்ற மாற்று மருந்துண்டு. ஆனால், முதல் சாவுகளுக்குச் சாராயம் காரணமன்று என அதிகாரிகள் தரப்பில் சொல்லப்பட்டிருக்க, துக்க வீட்டுக்கு வந்தவர்களில் சிலர் அதே சாராயத்தைக் குடித்தனர். ஏழைக் குடிகாரனின் சாவு இயல்பானதே என்று கருதிப் பழகிய சமூகத்தில், எச்சரிக்கை தாமதித்து வருவதில் வியப்பென்ன?

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே எழும் கல்வராயன் மலையையும் இதே கண்ணால்தான் பார்த்து வருகிறோம். ஓடையோரத்துச் சாராய ஊறல்களைப் போலீஸார் அழித்த செய்தி ஓயாமல் வருகிறது; 1976 வரையில் ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்து, சாலையும் பள்ளியும் வைத்தியமும் தாமதித்தே கண்ட மலையாளிப் பழங்குடி மக்களின் ஜீவனத்தைப் பற்றிய செய்தி அரிதாகவே வருகிறது. கருணாபுரத்தில் கொன்றதோ மலைச் சாராயமன்று, ஆலைகளுக்குரிய மெதனால். எனினும், அத்துயரத்துக்குப் பிறகே சென்னை உயர் நீதிமன்றம் மலைமக்களின் வாழ்வைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது.

சட்டம் விற்றவனைத் தண்டிக்கட்டும். குடித்தவனுக்கு வேண்டுவது சிகிச்சை. நீரிழிவுக்காரரை உட்காரவைத்து விசாரிக்கும் அதே மரியாதையோடு அவனையும் விசாரிக்கும் வைத்தியசாலை. தாய் தந்தை இருவரையும் இழந்த பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயது வரை மாதம் 5,000 ரூபாய் என அரசு அறிவித்தது. 'சாராயத்தில் செத்தவன் பிள்ளை' என்று பள்ளிக்கூடத்தில் எவரும் அவர்களைச் சுட்டாதிருக்கச் செய்வது அரசாணையால் ஆகாது. அது நம் ஒவ்வொருவரின் கடமை.