இரத்தக் கட்டியை உடைக்கும் நுண்குமிழிகள்

காலைத் திருப்பலிக்குப் புறப்படும் வேளை. தாத்தாவின் கையிலிருந்து செபமாலை நழுவி விழுகிறது. குனிந்து எடுக்க முயல்கிறார், வலக்கை எழவில்லை. வாய் ஒரு பக்கம் கோணுகிறது, பேச்சுக் குழறுகிறது. வீடே கலங்கி நிற்கிறது.

நம் குடும்பங்கள் பலவற்றிற்கு இக்காட்சி புதிதன்று. பக்கவாதம் எனப்படும் இந்நோய், பெரும்பாலும் மூளைக்குச் செல்லும் குழாய் ஒன்றை இரத்தக் கட்டி அடைத்துக்கொள்வதால் உண்டாகிறது. அடைப்பு நீடிக்கும் ஒவ்வொரு நிமிடமும் மூளையின் உயிரணுக்கள் மடிகின்றன. அக்கட்டியை விரைந்து உடைக்க ஒலியையும் குமிழியையும் துணைக்கு அழைத்திருக்கிறார்கள் மருத்துவ அறிஞர்கள்.

காவலே பகையானால்

இரத்தம் உறைவது இறைவன் நம் உடலில் வைத்த காவல். விரலில் கத்தி பட்டால், ஃபைப்ரின் என்னும் புரத இழைகள் வலைபோற் பின்னி, இரத்த அணுக்களைச் சிறைப்பிடித்துக் காயத்தின் வாயை அடைக்கின்றன. அதே வலை குழாயின் உள்ளே பின்னப்பட்டால் காவலே பகையாகிறது.

இவ்வலையை அறுக்கும் ஆல்ட்டிப்பிளேஸ் என்னும் மருந்தைப் பக்கவாதத்திற்குப் பயன்படுத்த அமெரிக்க அரசு 1996இல் அனுமதித்தது. நோய் தோன்றிய 3 மணி நேரத்திற்குள் கொடுக்க வேண்டும் என்றிருந்த எல்லை, 2008இல் வெளியான ஐரோப்பிய ஆய்வுக்குப் பின் நாலரை மணி நேரமாக நீண்டது. ஆயினும் இடர்ப்பாடுகள் இரண்டு. அம்மருந்து மூளையில் இரத்தக் கசிவை உண்டாக்கக்கூடும். மேலும், அடைபட்ட குழாயில் ஓட்டம் நின்றுவிடுவதால், மருந்து கட்டியின் உட்புறத்தை எளிதில் எட்டுவதில்லை.

காதுக்கு எட்டாத ஒலி

நொடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலி மனிதச் செவிக்குக் கேட்பதில்லை. தாயின் வயிற்றில் வளரும் சிசுவைத் திரையில் காட்டுவது இந்தக் கேளா ஒலியே. நுண்குமிழி என்பதோ மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு அளவே உடையது. இரத்தச் சிவப்பணுவினும் சிறியது. உள்ளே வாயு, வெளியே கொழுப்பாலோ புரதத்தாலோ ஆன மெல்லிய உறை. இருதயப் படம் தெளிவாகத் தெரிவதற்காக உருவானவை இவை. ஊசி மூலம் நாளத்தில் செலுத்தினால் இரத்தத்தோடு சுற்றிவரும். வாயு பின்னர் மூச்சோடு வெளியேறிவிடும்.

கேளா ஒலி பட்டதும் குமிழி ஒலியலைக்கு ஏற்ப விரிந்து சுருங்குகிறது. 2 மெகாஹெர்ட்ஸ் ஒலியானால் நொடிக்கு 20 இலட்சம் முறை! அத்துடிப்பால் சுற்றியுள்ள நீர்மம் சுழன்று, மருந்தைக் கட்டிக்குள் தள்ளுகிறது. ஒலி வலுத்தால் குமிழி நொறுங்கி, அவ்விசையால் கட்டியை அரிக்கிறது.

வெற்றியும் தோல்வியும்

2004இல் வெளியான ஆய்வு ஒன்றில், பக்கவாத நோயாளிகள் 126 பேருக்கு மருந்து கொடுத்து, அவர்களுள் பாதிப் பேருக்கு 2 மணி நேரம் கேளா ஒலியும் செலுத்தினர். அடைப்பு முழுதும் நீங்கியோர் அல்லது வியக்கத்தக்க குணம் கண்டோர், ஒலி பெற்றவருள் நூற்றுக்கு 49, பெறாதவருள் 30. ஆனால் 2005இல் வெளியான மற்றோர் ஆய்வு, குறைந்த அதிர்வெண் ஒலியால் மூளையில் இரத்தக் கசிவு மிகுந்தமையால் இடையிலேயே நிறுத்தப்பட்டது. 2019இல் வெளியான பெரிய ஆய்விலும், குமிழியின்றி ஒலி மட்டும் பெற்றவர்கள் 3 மாத முடிவில் கூடுதல் நலம் பெறவில்லை.

அதே 2019இல் பிரேசில் நாட்டின் சாவோ பாவுலோவிலிருந்து நம்பிக்கை தரும் செய்தி வந்தது. மாரடைப்புற்ற 100 பேரில் பாதிப் பேருக்கு நுண்குமிழியும் கேளா ஒலியும் கொடுத்தபோது, குழாய்ச் சிகிச்சைக்கு முன்னரே நூற்றுக்கு 48 பேருக்கு அடைப்புத் திறந்திருந்தது; மற்றவருள் 20 பேருக்கே. எனினும் இம்முறை இன்னும் ஆராய்ச்சி நிலையைக் கடக்கவில்லை. எல்லா மருத்துவமனைகளிலும் கிடைக்கும் என்று எவரும் எதிர்பார்க்க வேண்டாம்.

நம் கடமை

ஆனால் ஒன்று இன்றே நம் கையில் உள்ளது. அதுவே காலம். முகம் கோணினாலும், கை தளர்ந்தாலும், பேச்சுக் குழறினாலும் தைலம் தேய்த்துக்கொண்டு காத்திராதீர்கள். நோய் தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு, 108 ஊர்தியை அழையுங்கள். அடைப்பா, கசிவா என்று ஸ்கேன் படம் காட்டுமுன் ஆஸ்பிரின் கொடுக்கலாகாது. விழுங்க முடியாதவருக்கு நீர் புகட்டுவதும் ஆபத்து.

பங்குக் குருவையும் அழையுங்கள். ஆனால் அவர் வரும்வரை நோயாளியை வீட்டில் வைத்திராதீர்கள். நோயில் பூசுதலை மருத்துவமனையிலும் பெறலாமன்றோ? மருத்துவரை மதிக்கக் கற்பிக்கும் சீராக்கின் ஞானம் 38ஆம் அதிகாரத்தை இன்றிரவு குடும்ப செபத்தின்போது வாசியுங்கள். செபமும் சிகிச்சையும் ஒன்றுக்கொன்று பகையல்ல. விரைந்து செல்லும் வண்டியிலும் செபமாலை சொல்லலாம்.