பழைய கம்ப்யூட்டர், புது வேகம்!



எங்க அப்பா நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறார். அங்குள்ள கம்ப்யூட்டர் ஆன் ஆகவே நாலு நிமிடம் ஆகும். "பழைய இரும்புக் கடையில போட்டுடலாம்" என்றார் அப்பா. ஆனால் கோளாறு அதன் மூளையில் இல்லை, ஹார்ட் டிஸ்கில்தான்!

ஹார்ட் டிஸ்கில் ஒரு தட்டு நிமிடத்துக்கு 7200 முறை சுற்றும். ஒரு சிறு முனை அங்கும் இங்கும் நகர்ந்து படிக்கும். ஒவ்வொரு இடத்தையும் தேடிப் பிடிக்க சுமார் 10 மில்லி விநாடி. பத்து ஊருக்குப் போய்ப் பத்து மூட்டை ஏற்றும் லாரி மாதிரி!

எஸ்.எஸ்.டி.யில் சுற்றும் பாகமே கிடையாது. பென்டிரைவில் இருப்பது போன்ற ஃபிளாஷ் மெமரி சிப்புகள்தான். தேடுவதற்கு 0.1 மில்லி விநாடியே போதும். இந்த மெமரியை 1984-இல் அறிவித்தவர் ஜப்பானின் டோஷிபா நிறுவனப் பொறியாளர் ஃபுஜியோ மசுவோகா.

எஸ்.எஸ்.டி. வந்ததும் நான் அவசரமாக ஸ்க்ரூவைக் கழட்டப் போனேன். "முதல்ல காப்பி எடு கண்ணு" என்று தடுத்தார் சர்வீஸ் அண்ணன். ஏழு வருட டிரிப் கணக்கும், இறந்துபோன தாத்தா பேசிய ஒரே வீடியோவும் அதில்தான் இருந்தன! காப்பி எடுத்தபின் மாற்றினோம். இப்போது அரை நிமிடத்தில் ஆன் ஆகிறது. பழைய டிஸ்கோ மறு வாரமே 'டக் டக்' என்று நின்றுபோனது!

2011-இல் தொடங்கிய திட்டத்தில் உங்க அக்கா, அண்ணன் வாங்கிய அரசு லேப்டாப் மூலையில் கிடக்கிறதா? அதிலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால் இதே வைத்தியம்தான்.

மறக்காதீர்கள்: முதலில் காப்பி, பிறகு ஸ்க்ரூ!

– பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு