விரலில் 97 காட்டினால் போதாது

கொரோனா காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்ஸிமீட்டரைக் கிராமத்திலும் பல வீடுகள் பத்திரமாக வைத்திருக்கின்றன. விரலில் மாட்டி 97 என்று வந்துவிட்டால் அன்றைய கவலை தீர்ந்தது. மோட்டார் நியூரான் நோயாளி இருக்கும் வீட்டில் அந்த எண்ணை நம்பி உட்காரக் கூடாது.

இந்த நோயில் நுரையீரல் கெடுவதில்லை. அதை இயக்கும் தசைகள், முக்கியமாக உதரவிதானம், ஓய்ந்துபோகின்றன. அதனால் கரியமில வாயு முழுதாக வெளியேறாமல் ரத்தத்தில் தேங்குகிறது. விரல் கருவிக்கு அது தெரியாது; ரத்தப் பரிசோதனையில் பிடிபடும். ஆக்சிஜன் எண் இறங்கும் நேரத்தில் பெரும்பாலும் நிலைமை முற்றியிருக்கும்.

முதல் சேதி ராத்திரியில்தான் வரும். கனவு காணும் தூக்கத்தில் மற்ற தசைகள் தளர, மூச்சின் பாரம் முழுக்க உதரவிதானத்தின் மேல் விழுகிறது. “மல்லாக்கப் படுத்தா மூச்சு முட்டுது” என்பார் நோயாளி. ஒரு தலையணை இரண்டாகும். பிறகு உட்கார்ந்தபடியே விடியும். எழுந்ததும் தலைவலி. சோறு ஊட்டும்போதே கண் சொருகும். புதுச்சேரிப் பக்கம் வில்லியனூரிலோ பாகூரிலோ இதைக் கேட்பவர்கள் பித்தம் என்பார்கள், வெயில் என்பார்கள், வயசு என்பார்கள்.

சட்டையைக் கழற்றி, முடிந்தவரை தாழ்வாகப் படுக்கவைத்துப் பாருங்கள். மூச்சை இழுக்கும்போது வயிறு மேலெழ வேண்டும். உள்ளே குழிந்து, கழுத்துத் தசை புடைத்தால் உதரவிதானம் தோற்கிறது என்று பொருள். ஒரே மூச்சில் எண்ணச் சொல்லுங்கள். மாதத்துக்கு மாதம் எண்ணிக்கை குறைந்தாலும், இருமல் வலுவிழந்து சளி தொண்டையிலேயே கரகரத்தாலும் தள்ளிப்போடாதீர்கள்.

இந்த நோயில், 1970-ல் சென்னை மருத்துவர்கள் விவரித்த ‘மெட்ராஸ்’ வகை இளவயதில், பலருக்குக் காது மந்தத்தோடு வந்து, மெல்ல நகரும். பரவலாகக் காணும் ஏ.எல்.எஸ். வகை அவ்வளவு அவகாசம் தராது. முகமூடி வழியாகக் காற்றழுத்தம் தரும் பைபாப் கருவியை உரிய காலத்தில் தொடங்கினால் பலன் உண்டு. 2006-ல் வெளியான இங்கிலாந்து ஆய்வில், பேச்சும் விழுங்குதலும் மோசமாகப் பாதிக்கப்படாதவர்களின் ஆயுள், இடைநிலைக் கணக்கில் 205 நாள் கூடியது. ‘வேதனையைத்தானே நீட்டுகிறது’ என்பவர்களும் உண்டு. வேண்டுமா வேண்டாமா என்பதை நோயாளிதான் சொல்ல வேண்டும். நினைவு தெளிவாக இருக்கும்போதே கேட்டால்தான் அவரால் சொல்ல முடியும்.

என்னை உறுத்துவது வாடகை சிலிண்டர். மூச்சு முட்டுகிறது என்றதும் ஆக்சிஜன் வைத்துவிடுகிறோம். கரியமில வாயு தேங்கியவருக்கு ஆக்சிஜனை மட்டும் ஏற்றினால் அந்தத் தேக்கம் இன்னும் கூடலாம். கருவியில் எண் 99 ஆகும். ஆள் மயக்கத்துக்குப் போவார். மருத்துவர் சொல்லாமல் வீட்டில் சிலிண்டரைத் திறக்காதீர்கள்.

பாகூரிலிருந்து கோரிமேடு ஜிப்மர் மருத்துவமனை புதுச்சேரி நகரத்தின் மறுகோடியில் இருக்கிறது. அவ்வளவு தூரம் போகும்போது கை, கால் பலத்தோடு மூச்சின் கொள்ளளவையும் உட்கார்ந்தும் படுத்தும் அளக்கச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளப்பது நல்லது. அவசரமாகத் தூக்கிப்போகும் நாளில், ஆம்புலன்ஸில் ஏற்றும்போதே சொல்லிவிடுங்கள்: “இவருக்கு மோட்டார் நியூரான் நோய்ங்க. ஆக்சிஜன் மட்டும் பாக்காதீங்க, கரியமில வாயுவையும் பாருங்க.”